நிலக்கடலையில் டிக்கா நோய்: மழை நாட்களை எண்ணி ஆபத்தைக் கணிப்பது எப்படி?

ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலையில் 80, 85 நாள் ஆனதும் கீழ் இலைகள் உதிரத் தொடங்கும். ‘செடி முற்றிவிட்டது, இனிப் பிடுங்கலாம்’ என்று பலரும் முடிவு செய்வது அப்போதுதான். பெரும்பாலான வயல்களில் அது முற்றியதன் அடையாளமே இல்லை. டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய் இலையை உதிர்த்துவிட்டது, அவ்வளவுதான். 100, 105 நாள் நிற்க வேண்டிய செடி, காயில் பருப்பு நிறையும் நேரத்தில் இலையில்லாமல் நிற்கிறது. காயைச் செடியோடு இணைக்கும் விழுதும் வலுவிழக்கிறது. பிடுங்கும்போது காயில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து தாக்கினால் மகசூலில் பாதிக்கு மேல் போவதும் உண்டு.

இந்த நோயை மருந்தால் தடுக்க முடியும். எந்த நாளில் தெளிப்பது என்பதுதான் சிக்கல். கண்ணுக்குப் புள்ளி நன்றாகத் தெரிந்த பிறகு தெளித்தால் காலம் கடந்துவிடுகிறது. 15 நாளுக்கு ஒரு முறை என்று கண்ணை மூடிக்கொண்டு தெளித்தால், வறண்ட ஆண்டில் பணமும் மருந்தும் வீண். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பூசணம் இலைக்குள் நுழைய எத்தகைய வானிலை வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அந்த வானிலை எத்தனை நாள் அமைந்தது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துத் தெளிக்கும் நாளை முடிவு செய்வது. நோய் முன்கணிப்பு என்பது இதுதான். இதற்குக் கணினி கட்டாயமில்லை. ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இன்று தெரியும் புள்ளி எப்போது வந்தது?

டிக்கா என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு நோய்கள் அடங்கும். முன்பருவ இலைப்புள்ளியை உண்டாக்குவது செர்கோஸ்போரா அராக்கிடிகோலா. இலையின் மேற்பரப்பில் பழுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெரியும். அடிப்பக்கம் புள்ளி வெளிர்பழுப்பாக இருக்கும். பின்பருவ இலைப்புள்ளியின் பூசணத்தைச் செர்கோஸ்போரிடியம் பெர்சனேட்டம் என்ற பழைய பெயரில்தான் பலரும் அறிவார்கள். இதன் புள்ளி வட்டமாக, ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சொரசொரப்பாக, வித்துகள் (பூசணம் பரவ உதவும் நுண்துகள்கள்) வளையம் வளையமாக அமைந்திருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று பையில் இருந்தால் இரண்டையும் வயலிலேயே பிரித்துவிடலாம். மஞ்சள் வளையத்தை மட்டும் நம்பக் கூடாது. அது ரகத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப மாறும். அடிப்பக்கத்து நிறமும் சொரசொரப்பும்தான் நம்பகமான அடையாளம். மூன்றாவதாகத் துரு நோய். இலையின் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் வரும், விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். துரு தாக்கிய இலை உடனே உதிராமல் காய்ந்து செடியிலேயே தொங்கும். இலைப்புள்ளி தாக்கிய இலை உதிர்ந்துவிடும்.

முன்கணிப்பைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். வித்து இலையில் விழுந்து, முளைத்து, உள்ளே நுழைந்த பிறகு புள்ளி கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அந்தப் புள்ளியிலிருந்து அடுத்த தலைமுறை வித்துகள் வர இன்னும் சில நாள் கூடும். ஆகவே இன்று வயலில் பார்க்கும் புள்ளி, இரண்டு வாரத்துக்கு முந்தைய மழையின் விளைவு. நேற்றைய மழையின் விளைவு இன்று எங்கும் தெரியாது. அது இலைக்குள்ளே இருக்கிறது. கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுப்பவர் எப்போதும் இரண்டு வாரம் பின்தங்கியே இருக்கிறார்.

அடுத்தது பெருக்கம். 105 நாள் பயிரில் இப்படி 4, 5 சுற்றுகளுக்கு இடமுண்டு. கணக்குக்காக, ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகள் 10 மடங்காகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 1, பிறகு 10, 100, 1,000, 10,000. வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது 1,000 என்ற நிலையில்தான். அதற்கு முந்தைய மூன்று சுற்றுகளும் யாரும் கவனிக்காமலே நடந்து முடிந்திருக்கும். முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றைத் தடுத்தாலே கடைசி எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிவிடும். சரியான நாளில் அடித்த ஒரு தெளிப்பு, தாமதமாக அடித்த மூன்றை விட அதிகம் காப்பாற்றுவது இதனால்தான்.

மழை அளவைவிட ஈர நேரம் முக்கியம்

வித்து முளைக்க இலையின் மேல் ஈரம் வேண்டும். 40 மி.மீ. மழை ஒரு மணி நேரத்தில் கொட்டி, உடனே வெயில் அடித்து இலை காய்ந்துவிட்டால் தொற்று குறைவு. மாலையில் 4 மி.மீ. தூறி, இரவெல்லாம் ஈரம் காயாமல், காலை 9 மணி வரை இலை நனைந்தே இருந்தால் தொற்று அதிகம்.

இதை முதலில் ஒரு கணிப்பு முறையாக ஆக்கியவர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வேலை செய்த ஜென்சன், பாயில் என்ற இருவர். 1965, 1966 ஆண்டுகளில் வெளிவந்த அவர்கள் கட்டுரைகளின் சாரம் இது: காற்றின் ஈரப்பதம் 95 சதவீதமோ அதற்கு மேலோ எத்தனை மணி நேரம் நீடித்தது, அந்த நேரத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தால் இலைப்புள்ளி பரவுமா என்று சொல்லலாம். 10 மணி நேரத்துக்கு மேல் அந்த ஈரப்பதம் நீடித்து, வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காவிட்டால் நோய் வேகமாகப் பரவும். இதே முறை 1974இல் கணினிக்கு மாற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் ஆவணி, புரட்டாசி இரவுகளில் சமவெளி மாவட்டங்களின் வெப்பநிலை பெரும்பாலும் 21 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அதாவது அந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று இங்கே அநேகமாக எல்லா நாளும் நிறைவேறிவிடுகிறது. மீதம் இருப்பது ஈரம் ஒன்றுதான். திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ மானாவாரிக் கடலை போட்டவர் வெப்பமானியைவிட ஈரத்தையே கவனிக்க வேண்டும். மார்கழிப் பட்டத்து இறவைக் கடலைக்கு இது பொருந்தாது. அப்போது இரவுக் குளிரும் கணக்கில் வரும்.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990களில் பின்பருவ இலைப்புள்ளியை வைத்து நடந்த ஆய்வுகள் இன்னொரு உண்மையைக் காட்டின. இலை இடைவிடாமல் நனைந்தே இருப்பதைவிட, இரவில் நனைந்து பகலில் காய்ந்து மறுபடி நனைவதுதான் இந்தப் பூசணத்துக்கு அதிகம் பிடிக்கிறது. நனைந்து காய்ந்த இலையில், வித்திலிருந்து நீளும் முளைக்குழல் இலைத்துளையை நோக்கி வளர்ந்து உள்ளே நுழைகிறது. எப்போதும் நனைந்திருக்கும் இலையில் அது திசை தெரியாமல் மேலேயே வளர்கிறது. தொடர்ந்து நான்கைந்து இரவு பனியோ தூறலோ, பகலில் நல்ல வெயில் என்றால் ‘வெயில்தான் அடிக்கிறதே’ என்று ஆறுதல் அடையக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. ஒரே இரவின் ஈரம் போதாது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. பல இரவுகளின் ஈர நேரம் கூடிக்கூடித்தான் தொற்றை முழுமையாக்குகிறது.

மழை நாள் கணக்கு

ஈர நேரத்தை மணிக்கணக்கில் அளக்க எல்லோரிடமும் கருவி இருக்காது. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ‘ஏயூ பீநட்ஸ்’ என்ற முறை இதை எளிதாக்கியது. மணி நேரத்துக்குப் பதில் மழை நாட்களை எண்ணினால் போதும். அதன் விதிகள் சுருக்கமாக:

24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்தால் அது ஒரு மழை நாள். தெளிப்பு நீர்ப் பாசனத்தில் இலை நனைந்தாலும் அதே கணக்கு. முளைத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, 6 மழை நாள் சேர்ந்ததும் முதல் தெளிப்பு. தெளித்த பிறகு 10 நாள் எண்ணுவதில்லை, ஏனெனில் அந்த நாட்களில் இலையில் மருந்து இருக்கிறது. 10 நாள் கழிந்ததும் மறுபடி எண்ண வேண்டும். 3 மழை நாள் சேர்ந்தால் அடுத்த தெளிப்பு. வரும் 5 நாளுக்கு மழை வாய்ப்பு அதிகம் என்று வானிலை முன்னறிவிப்பு சொன்னால் மூன்று சேரும் வரை காத்திருக்க வேண்டாம். மழை பெய்யாமலே இருந்தாலும், 5 நாள் சராசரி வாய்ப்பு 50 சதவீதத்தைத் தொட்டால் தெளிக்கச் சொல்கிறது அந்த முறை.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜூலை 20 விதைப்பு, 27ஆம் தேதி முளைப்பு. மழைமானியில் கிடைத்த அளவுகள்: ஜூலை 30 அன்று 12 மி.மீ., ஆகஸ்ட் 4இல் 1 மி.மீ., 6இல் 8, 7இல் 22, 14இல் 5, 19இல் 3, 21இல் 30. ஆகஸ்ட் 4 கணக்கில் சேராது, 2.5க்குக் குறைவு. மற்றவை ஆறு. 21ஆம் தேதியோடு ஆறு மழை நாள் முடிகிறது. இலை காய்ந்ததும் 22ஆம் தேதி முதல் தெளிப்பு. விதைத்து 33ஆம் நாள். இதன்பின் ஆகஸ்ட் 31 வரை என்ன பெய்தாலும் எண்ணுவதில்லை. செப்டம்பர் 1 முதல் புதுக் கணக்கு. 3, 4, 9 தேதிகளில் மழை என்றால் இரண்டாம் தெளிப்பு செப்டம்பர் 10, அதாவது 19 நாள் இடைவெளி. அதுவே 1, 2, 3 தேதிகளில் தொடர்ந்து பெய்திருந்தால் 4ஆம் தேதியே தெளிக்க வேண்டும், 13 நாள்தான் இடைவெளி. ஒரே முறை, ஈரமான ஆண்டில் நெருக்கமாகவும் வறண்ட ஆண்டில் தள்ளியும் தெளிக்கச் சொல்கிறது. 15 நாள் காலண்டர் இதைச் செய்யாது.

இந்த எண்கள் அலபாமாவின் வானிலைக்கும் அங்குள்ள ரகங்களுக்கும் குளோரோதலோனில் மருந்துக்கும் பொருத்தி எடுக்கப்பட்டவை. ஆறு, மூன்று, பத்து என்ற எண்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், தொடங்கும் இடமாக வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் வயலுக்கு அவற்றைத் திருத்தும் வழி கடைசியில் வருகிறது.

மழைமானி வாங்க முடியாதவர் 20 செ.மீ. விட்டமுள்ள புனலை ஒரு கேனில் பொருத்திக்கொள்ளலாம். அந்த வாய்க்கு 1 மி.மீ. மழை என்பது 31.4 மி.லி. தண்ணீர். ஆகவே 2.5 மி.மீ. என்பது ஏறக்குறைய 79 மி.லி. மருந்து அளக்கும் குவளையை இதற்குப் பயன்படுத்தாமல் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாளும் அந்த நேரத்தில்தான் முடிகிறது. அருகில் மரமோ வீடோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். ஊர் மழையை வயல் மழையாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான கணக்குகள் தவறுகின்றன. ஆவணி மாதத்து இடிமழை ஒரு ஏரிக்கரையில் கொட்டிவிட்டு மறுகரையை விட்டுவிடும். வட்டத் தலைநகரின் மழை அளவை வைத்து வயலுக்கு முடிவெடுக்க முடியாது.

பனி: எண்ணில் வராத ஈரம்

மழை நாள் கணக்கின் பெரிய ஓட்டை பனி. ஐப்பசிக்குப் பிறகு மழையே இல்லாமலும் இலை 10, 12 மணி நேரம் நனைந்திருக்கும். மழைமானி பூஜ்யம் காட்டும், நோய் ஏறிக்கொண்டே போகும். மார்கழிப் பட்டத்தில் இந்த முறையை மட்டும் நம்பியவர் ஏமாறுவார்.

எளிய மாற்று: காலை 8 மணிக்கு வயலுக்குள் 20 அடி நடந்து, நடு உயரத்து இலைகளைத் தொட்டுப் பாருங்கள். வேட்டியோ பேண்டோ நனைகிறதா என்பதே ஓர் அளவுகோல். நோட்டில் ‘காய்ந்தது’, ‘லேசான ஈரம்’, ‘சொட்டுகிறது’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். சொட்டும் காலைகளையும் மழை நாளாக எண்ணலாம். இது அலபாமாக்காரர்கள் சொன்ன விதி இல்லை. நம் பருவத்துக்கு ஏற்ற எச்சரிக்கை.

கருவி வைக்கும் வசதி உள்ளவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற குழுக்கள், ஈரப்பதமும் வெப்பநிலையும் பதியும் சிறு லாகர் ஒன்றைச் செடியின் உயரத்திலேயே வைக்க வேண்டும். வெயில் நேராகப் படாமல், காற்று போகும்படி வெள்ளைக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். வெயில் பட்டால் வெப்பநிலை கூடி, ஈரப்பதம் குறைவாகத் தெரியும். ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த மணிகளை இலை ஈர மணிகளாக எடுத்துக்கொள்வது பரவலான நடைமுறை. வானிலை நிலையங்களின் கருவி தலை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். அங்குள்ள காற்று, அடர்ந்த கடலைச் செடிக்குள் இருப்பதைவிடக் காய்ந்தது. அந்தப் பதிவில் 6 மணி நேர ஈரம் தெரிந்தால் செடிக்குள் அதைவிட அதிகம் என்றே கொள்ள வேண்டும். இலை ஈர உணரித் தட்டு வாங்கினால் 45 பாகை சாய்வில், வடக்குப் பார்த்து வையுங்கள். தெற்குப் பார்த்தால் வெயிலில் சீக்கிரம் காய்ந்து பொய் சொல்லும். இவற்றில் மலிவானவை ஒரே பருவத்தில் தூசியும் மருந்துப் படலமும் ஏறி, காய்ந்திருந்தும் ‘ஈரம்’ என்று காட்டத் தொடங்கும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்னறிவிப்புக்கு, இந்திய வானிலை ஆய்வுத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியிடும் வேளாண் வானிலை அறிக்கையும் ‘மேக்தூத்’ செயலியும் உதவும். அவற்றில் உள்ள 5 நாள் மழைக் கணிப்பு இந்தக் கணக்குக்குப் போதும்.

எல்லா வயலுக்கும் ஒரே ஆபத்தா?

வானிலை ஒன்றாகவே இருந்தாலும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் நோய் வேறுபடும். அதனால் விதைப்பதற்கு முன்பே வயலுக்கு ஒரு மதிப்பெண் போடுவது பயனுள்ளது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ‘பீநட் ஆர்எக்ஸ்’ என்ற அட்டவணை இதற்காகவே உள்ளது. ரகம், விதைப்பு நாள், பயிர்ச் சுழற்சி, உழவு முறை, பாசனம் போன்ற ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். மொத்தம் குறைவாக வந்த வயலுக்குக் குறைவான தெளிப்பு.

நம் பக்கத்துக்கு இவற்றில் கனமானவை மூன்று. முதலாவது சுழற்சி. போன பட்டத்திலும் அதே வயலில் கடலையா? இந்தப் பூசணங்கள் உதிர்ந்த இலைக் குப்பையிலும், பிடுங்கும்போது தங்கிய கடலை தானாக முளைத்த செடிகளிலும் தங்கிக் காத்திருக்கும். கம்பு, சோளம், எள் என்று ஒரு பட்டம் மாற்றினாலே முதல் சுற்றின் வித்து வெகுவாகக் குறையும். இலைப்புள்ளிப் பூசணங்களுக்குக் கடலையை விட்டால் வேறு பயிர் கிடையாது என்பதால் சுழற்சி இங்கே நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவது ரகம். டி.எம்.வி. 2, ஜே.எல். 24 போன்றவை எளிதில் பாதிக்கப்படும். தார்வாட்டில் உருவான ஜி.பி.பி.டி. 4 பின்பருவ இலைப்புள்ளியையும் துருவையும் நன்றாகத் தாங்கும். தாங்கும் ரகத்திலும் புள்ளி வரும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் மெதுவாக நடக்கும். முன்னே பார்த்த 10 மடங்குப் பெருக்கம் அங்கே 3, 4 மடங்காகக் குறையும் என்று எண்ணிக்கொள்ளலாம். மூன்றாவது விதைப்பு நாள். பின்தங்கி விதைத்த வயலில் இளஞ்செடி இருக்கும்போதே பக்கத்து முதிர்ந்த வயல்களிலிருந்து வித்துகள் காற்றில் வந்து விழும். வித்துகள் அதிகம் பறப்பது காலையில் பனி காயும் வேளையிலும் மழை தொடங்கும் வேளையிலும். மேற்கில் பழைய கடலை வயல், மேல்காற்று, பின்தங்கிய விதைப்பு மூன்றும் சேர்ந்தால் 6 மழை நாள் வரை காத்திருக்காமல் 4இலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

கணக்கைக் கண்ணால் சரிபார்ப்பது

கணிப்பு, வயலைப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. விதைத்து 25ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 இடங்களில், இடத்துக்கு 5 செடி என்று 50 செடிகளைப் பாருங்கள். வரப்போரச் செடியை எடுக்காதீர்கள், அங்கே காற்றோட்டம் அதிகம், நோய் குறைவாகத் தெரியும். உச்சி இலையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். புள்ளி முதலில் வருவது நிழலும் ஈரமும் தங்கும் அடி இலைகளில்.

இலை உதிர்வை ஊகிக்காமல் எண்ணலாம். கடலையின் ஒவ்வொரு இலையிலும் 4 சிற்றிலைகள். நடுத்தண்டில் 12 கணு இருந்தால் மொத்தம் 48 சிற்றிலைகள் இருக்க வேண்டும். 18 உதிர்ந்திருந்தால் 18ஐ 48ஆல் வகுக்க 37.5 சதவீத உதிர்வு. வெறும் பார்வையில் இதே செடியைப் பலர் ‘10, 15 சதவீதம் போயிருக்கும்’ என்பார்கள், ஏனென்றால் மேலே பச்சை அடர்ந்து அடிப்பக்கத்தை மறைத்துவிடுகிறது.

கணக்கு ‘தெளிக்க வேண்டாம்’ என்கிறது, ஆனால் வாரத்துக்கு வாரம் புதுப் புள்ளிகள் கூடுகின்றன என்றால் கண்ணுக்கே முதலிடம். பெரும்பாலும் பனியையோ மழைமானியையோ தவறவிட்டிருப்போம். கணக்கு ‘தெளி’ என்கிறது, புள்ளியே காணோம் என்றால் அவசரப்பட்டுக் கணக்கை ஒதுக்காதீர்கள். உள்ளே நுழைந்த தொற்று வெளியே தெரிய 10 நாளுக்கு மேல் ஆகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

எந்த முன்கணிப்பும் இரண்டு விதமாகத் தவறும். நோய் வராத இடத்தில் வரும் என்று சொல்லும், அல்லது வரும் இடத்தில் வராது என்று சொல்லும். முதல் தவற்றின் விலை ஒரு தெளிப்பின் மருந்தும் கூலியும். இரண்டாவதின் விலை மகசூலில் பெரும்பங்கு. இரண்டும் சமமில்லை என்பதால் தெளிப்பைத் தொடங்கும் மழை நாள் எண்ணை வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்வாக வைக்கிறார்கள். சில வீண் தெளிப்புகளை ஏற்றுக்கொண்டு ஒரு பெரிய இழப்பைத் தவிர்ப்பது நோக்கம். கடலை விலை நன்றாக இருக்கும் ஆண்டில் இன்னும் தாழ்த்தலாம். காய்ப்பே குறைந்துபோன வறட்சி வயலில் உயர்த்தலாம்.

தெளிப்பில் பிழைகள்

தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை எக்டேருக்கு மான்கோசெப் 1,000 கிராம் அல்லது குளோரோதலோனில் 1,000 கிராம் அல்லது கார்பென்டசிம் 500 கிராம், 500 லிட்டர் தண்ணீரில். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் முதல் இரண்டும் லிட்டருக்கு 2 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். கார்பென்டசிம் அதில் பாதி. வாங்கும்போது பொட்டலத்தில் கடலைக்கு அனுமதி உள்ளதா, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதைப் படித்துவிட்டு, ஐயம் இருந்தால் வட்டார வேளாண் அலுவலரிடம் கேளுங்கள்.

மான்கோசெப்பும் குளோரோதலோனிலும் இலையின் மேல் இருந்து காப்பவை. உள்ளே நுழைந்துவிட்ட தொற்றை அவை எடுக்காது. முன்கூட்டியே தெளிக்கச் சொல்வதன் காரணம் அதுதான். தெளித்த பிறகு விரியும் உச்சி இலைகளில் மருந்து இருக்காது, 10 நாள் என்ற எல்லைக்கு அதுவும் ஒரு காரணம். தெளித்து காய்வதற்குள் மழை வந்துவிட்டால் அந்தத் தெளிப்பு நடக்கவில்லை என்றே கணக்கு வையுங்கள். கார்பென்டசிம் போல உள்ளூடுருவும் மருந்தை மட்டும் திரும்பத் திரும்ப அடிப்பது ஆபத்து. அதே வகையைச் சேர்ந்த பெனோமிலுக்கு இலைப்புள்ளிப் பூசணங்கள் 1970களிலேயே அமெரிக்காவில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன. ஒரு முறை இது, மறுமுறை அது என்று மாற்ற வேண்டும்.

கைத்தெளிப்பானில் எளிதாக நேரும் பிழை, மேலிருந்து நனைத்துக்கொண்டே போவது. நோய் தொடங்கும் அடி இலைக்கு மருந்து எட்டுவதே இல்லை. நுனிக்குழாயைச் செடிக்குள் தாழ்த்தி, பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள். தண்ணீரைக் குறைத்து, ஏக்கருக்கு 80 லிட்டரில் முடிப்பதும் இதே விளைவைத் தரும்.

இன்னொன்று, கடலைக் கொடி நம் ஊர்களில் மாட்டுத் தீவனம். கடைசியில் அடித்த மருந்து கொடியோடு மாட்டுக்குப் போகும். அறுவடைக்கு 3 வாரம் இருக்கும்போது கணக்கு ‘தெளி’ என்றாலும் பெரும்பாலும் விட்டுவிடலாம். அப்போது நுழையும் தொற்று புள்ளியாகி இலையை உதிர்ப்பதற்குள் செடியைப் பிடுங்கிவிடுவோம்.

இந்தக் கணக்குக்குள் வராத பூசணங்கள்

எல்லாப் பூசணமும் மழையை விரும்புவதில்லை. இளஞ்செடியைச் சாய்க்கும் கழுத்தழுகல் சூடான மண்ணில், விதை நேர்த்தி செய்யாத விதையில் வரும். அதற்கு மழை நாளை எண்ணிப் பயனில்லை, விதைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தண்டழுகலுக்கு வயலின் பழைய வரலாறுதான் சிறந்த கணிப்பு: போன முறை எங்கே வெள்ளைப் பூசணமும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தனவோ அங்கேயே மறுபடி வரும். காயில் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூசணம் இலைப்புள்ளிக்கு நேர் எதிர். பயிரின் கடைசி 3, 4 வாரத்தில் வறட்சியும் 30 டிகிரியை ஒட்டிய மண் வெப்பமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். இலைப்புள்ளிக்குப் பாதுகாப்பான வறண்ட ஆண்டு, அஃப்ளாடாக்சினுக்கு மோசமான ஆண்டாக இருக்கும்.

எண்களை உங்கள் வயலுக்குத் திருத்துவது

வயலின் நடுவில் 4 சால், 10 மீட்டர் நீளத்துக்கு எதுவும் தெளிக்காமல் விட்டு, நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். தெளிக்கும் நாளில் மருந்து சாரல் படாமல் அந்தப் பக்கம் ஒரு தார்ப்பாய் பிடிக்க வேண்டும். நோட்டில் தேதி, மழை, காலை ஈரம், தெளிப்பு, வாரந்தோறும் 10 செடியின் உதிர்வு சதவீதம் என்று ஐந்து பத்தி போதும். உதிர்வைத் தெளித்த பகுதியிலும் தெளிக்காத பகுதியிலும் தனித்தனியே எழுதுங்கள். பிடுங்கும்போது இரண்டிலும் ஒரே அளவு இடத்துக் காயைப் பறித்துக் காயவைத்து எடை போடுங்கள். மண்ணில் தங்கிய காயையும் கொத்தி எடுத்துத் தனியாக நிறுக்க வேண்டும், இழப்பின் ஒரு பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டு எடைக்கும் வித்தியாசமே இல்லாத ஆண்டில், தெளித்த நாட்களுக்கு முன் எத்தனை மழை நாள் இருந்தது என்று திரும்பிப் பாருங்கள். 6இல் தெளித்தும் பலன் இல்லை என்றால் அடுத்த முறை 7, 8 என்று தள்ளலாம். தெளித்த பகுதியிலேயே 70ஆம் நாளில் கால்பங்கு இலை உதிர்ந்திருந்தால் 6 என்பது உங்கள் வயலுக்குத் தாமதம். 5க்கோ 4க்கோ இறக்குங்கள். ஒரே ஆண்டை வைத்து எண்ணை மாற்றாமல், மழை மிகுந்த ஒன்றும் குறைந்த ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு மூன்று ஆடிப்பட்டத்துப் பதிவு சேர்ந்த பிறகு மாற்றுவது பாதுகாப்பு. ரகத்தை மாற்றினால் கணக்கைப் பழையபடி 6, 10, 3 என்றே தொடங்க வேண்டும்.